தகரவாயாரும் மாப்பிள்ளை இடமும்

உலகத்தில் எத்தனையோ மாமனார்கள் மாப்பிள்ளைகளைத் திட்டியிருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு திட்டியிருப்பார்கள். மனசுக்குள்ளேயே திட்டிவிட்டு வெளியே வந்து பல்லைக் காட்டியிருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஆயிரம் பேருக்கு நடுவில், தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையில்கூட மரியாதை குறையாமல் மாப்பிள்ளையைத் திட்டிய மாமனார் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் திருச்செங்கோட்டில் இருந்தார். தகரவாயார் என்று பெயர்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ. அதைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்திருப்பார். டூரிங் டாக்கீஸில் விளம்பரம் சொல்வது அவர் தொழில். ஒற்றை மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, நாலு ரத வீதியும் சுற்றி, தகரக் குழாயில் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார். அந்த மாடு அவரிடம் வந்த ஆறாம் மாதம் செவிடாகிவிட்டது என்பார்கள். நான் நம்பவில்லை. ஆனால் பின்னால் இருந்து கூப்பிட்டு அந்த மாடு திரும்பிப் பார்த்து நான் கண்டதும் இல்லை.

விளம்பரத்திலும் அவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்.

"படம் சுமாருங்கோ! பாட்டு நல்லா இருக்குமுங்கோ! அஞ்சாவது ரீல்ல தூக்கம் வருமுங்கோ, அப்ப எந்திரிச்சுப் போயி முறுக்குத் திங்கலாமுங்கோ!"

டாக்கீஸ் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கூட்டம் குறையவில்லை. தகரவாயார் ஒரு படத்தை நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால், சங்ககிரியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பந்தாட்டப் பைத்தியமும் பிடித்துவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் ஆடியது ஏரியில். ஏரி என்றால் வற்றிய ஏரி. அது நிரம்பிவிட்டால் அந்த வருஷம் ஆட்டம் கிடையாது. சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் மழை வேண்டி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் டீம் ஆசாமிகள் பத்துப் பதினைந்து பேர் அதே கோயில் வாசலில் வேறு மாதிரி வேண்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்திருந்தால் உதை விழுந்திருக்கும்.

நான் அந்த டீமின் செக்ரெட்டரி. எனக்கு ஆட்டம் தெரியாது. தாலுகா ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா நான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆகவே செக்ரெட்டரி. ஆட்டத்துக்கு முந்தின நாள் பதினோரு பேர் பெயரையும் வெள்ளைத் தாளில் எழுதி முத்துசாமியின் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டுவது என் வேலை. முத்துசாமி டீமின் தலைவர். அவரும் பந்தைக் காலால் தொட்டதில்லை. காற்று அடிக்கும் பம்ப் அவரிடம் இருந்தது, ஆகவே தலைவர்.

அந்த நாளில் பட்டணத்து ஆட்டத்தையெல்லாம் ரேடியோவில் சொல்வார்களாம் என்று காதில் விழுந்ததே தவிர, எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் குறை தெரியாமல் செய்தவர் தகரவாயார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வண்டியை ஏரிக்குள் ஓட்டி வந்து, கோட்டுக்கு வெளியே நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்றுகொள்வார். பந்து உருண்டதும் வாய் திறக்கும். ஆட்டம் முடிந்தபிறகும் மூடாது.

"கோலி காளியப்பன் கும்பிட்டுக்கிட்டு நிக்கறானுங்கோ! பந்து சாமி இல்லை காளியப்பா, புடிக்கலாமுங்கோ! சென்டர் பார்வர்டு பழனியப்பன் வயத்தைத் தூக்கிக்கிட்டு ஓடறானுங்கோ! வயிறு முன்னால போயிருச்சுங்கோ, பழனியப்பன் பின்னால வாரானுங்கோ!"

ஊர் சிரிக்கும். பழனியப்பன் நின்று முறைப்பான். அதற்குள் எதிராளி கோல் போட்டிருப்பான்.

இந்த டீமில் லெஃப்ட் பேக்காக ஆடியவன்தான் அர்த்தநாரி. தறிக்காரன். நெடுநெடு என்று உயரம், குச்சி குச்சியாய்க் கால், பேச்சே கிடையாது. தகரவாயாரின் ஒரே மகள் தங்கத்தைக் கட்டியவன். மாமனார் வீட்டிலேயே தறி போட்டுக்கொண்டு இருந்தான்.

மற்ற பத்துப் பேரையும் அவன் இவன் என்று கிழித்த தகரவாயாருக்கு இங்கே சங்கடம் வந்துவிட்டது. மாப்பிள்ளையை ஊரறியப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? மரியாதை என்னாவது? அதற்காகத் திட்டாமல் விடுவதா? ஆட்டம் என்னாவது? யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மாப்பிள்ளைங்க பந்தை மிஸ் பண்ணிப்போட்டாருங்கோ! பெரிய மனசுங்கோ அவருக்கு! வந்தவனுக்கெல்லாம் வழி விட்டுப்போடறாருங்கோ! ஏனுங் மாப்பிள்ளை, அது பந்துங்க, நீங்க பாட்டுக்கு நூலுண்டைன்னு நெனச்சு ஒதுங்கிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க!"

அர்த்தநாரி மேல் தப்பில்லை என்று சொல்லமாட்டேன். பந்தை விட்டுவிடுவான். ஆனால் அதன்பிறகு நடப்பதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். மாமனார் பேச ஆரம்பித்ததும் அவன் அப்படியே நின்று, வண்டியைப் பார்த்துத் திரும்பி, லேசாய்ச் சிரித்தபடி, அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பான்.

"ஓடுடா அர்த்தநாரி!" என்று முத்துசாமி தொண்டை கிழியக் கத்துவார்.

"பெரியவர் பேசிக்கிட்டு இருக்கறப்ப எப்படீங்க ஓடறது?" என்று அவன் அப்புறம் நிதானமாகக் கேட்டான்.

நாமக்கல்லிலிருந்து ஒரு தடவை ரெஃப்ரி ஒருவர் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏன் சார், லெஃப்ட் பேக்குக்கு உங்க ஊர்ல மாப்பிள்ளைன்னா சொல்றீங்க?" என்றார். நான் விளையாட்டாக "ஆமாங்க" என்றேன். அவர் அதை நாமக்கல்லில் போய்ச் சொல்லிவிட்டார் போல. இரண்டே மாதத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க லெஃப்ட் பேக்குக்கு மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. ராசிபுரம் டீமின் மாப்பிள்ளை ஐம்பது வயசு வாத்தியார், பேரன் பேத்தி எடுத்தவர்.

நான் அன்றைக்கு அந்த 'ஆமாங்க'வைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த வருஷம் எங்கள் டீம் வரிசையாகத் தோற்றது. திங்கட்கிழமை காலையில் சைக்கிள் கடை முன்னால் கூடுகிற கூட்டம் வாரா வாரம் பெரிதானது. டீமுக்கு என்ன வேண்டும் என்பதுதான் பேச்சு.

"நமக்கு வேண்டியது ஓடற சென்டர் பார்வர்டு" என்பார் முத்துசாமி.

"பார்வர்டு எதுக்கு? கோலியை மாத்து" என்பான் பஞ்சர் ஒட்ட வந்தவன்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சாமிநாதன் எல்லோருக்கும் கடைசியாகத்தான் பேசுவார். சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல் பேசுவார். "டீமுக்கு ஒரு கொறையும் இல்லை. ரேடியோதான் சீக்கு. எதிராளி பதினோரு பேரோட ஆடலாம். நம்ம பசங்க பதினோரு பேர்கூடவும் ஆடி, தகரவாயார்கூடவும் ஆடணும்னா எப்படி?"

"நெசந்தான். ஆனா வெளியூர்ல நம்மளுக்கு அந்தக் கொழாயே இல்லை. அங்க மட்டும் என்ன கிழிச்சோம்?" என்பான் பஞ்சர்காரன்.

ஒரு மனு தயாரானது. 'ஆட்ட நேரத்தில் குழாய் ஊதி வீரர்களின் மனத்தைக் கலைப்பதை நிறுத்த வேண்டும்' என்று என் அழகான கையெழுத்தில் எழுதி டாக்கீஸ் முதலாளியிடம் கொடுத்தோம். அவர் தகரவாயாரைக் கூப்பிட்டுச் சொன்னார். தகரவாயார் நேராகச் சைக்கிள் கடைக்கு வந்தார்.

"நான் பொய்யா சொல்லிப்போட்டேன்? எந்தப் பந்தை அவரு விடலை, நான் விட்டாருன்னு சொன்னேன்? ஆட்டத்தைத் திருத்தறதை உட்டுப்போட்டு ஆட்டத்தைச் சொல்றவன் வாயை அடைக்கறீங்களா?"

அடுத்த ஞாயிறும் குழாய் முழங்கியது. அன்று பள்ளிபாளையத்தானிடம் நாலு கோல் வாங்கினோம். மூன்று இடது பக்கமாக வந்தது.

திங்கட்கிழமை சைக்கிள் கடையில் தீர்மானமாகிவிட்டது. "மாப்பிள்ளை இடத்துக்கு வேற ஆள் போடணும்." சங்ககிரியில் ஒருத்தன் நன்றாக ஆடுகிறானாம், கூட்டி வந்துவிடலாம். பேச்சு கடையோடு நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்ற தங்கத்தின் காதில் இப்படித்தான் விழுந்தது: "தகரவாயார் ஊட்டுக்குப் புது மாப்பிள்ளை பாத்தாச்சாமே! சங்ககிரியாமே!"

சொன்னவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கம் நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று அவள் அப்பாவிடம் கேட்டாளாம். "ஏனுங்கப்பா, அவரை மட்டும் உட்டுப்போடக் கூடாதுங்களா? மத்தவங்களை என்ன வேணாச் சொல்லுங்க."

"அது எப்படிக் கண்ணு? ஊட்டுல அவரு மாப்பிள்ளை. ஏரியில லெஃப்ட் பேக்."

சனிக்கிழமை நான் பட்டியல் எழுதினேன். அர்த்தநாரி என்று எழுத வேண்டிய இடத்தில் சங்ககிரிக்காரன் பெயரை எழுதினேன். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அர்த்தநாரிதான். மேலிருந்து கீழ்வரை படித்தான். மறுபடியும் ஒரு தடவை படித்தான்.

"எழுத்து நல்லா இருக்குதுங்க" என்றான். போய்விட்டான்.

கேலியாகச் சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். அவனுக்குக் கேலி வராது.

மூன்றாம் வாரம் அவன் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். யுத்தம் ஆரம்பித்திருந்த சமயம். நூல் சரியாகக் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. ஊரில் இன்னும் இரண்டு மூன்று தறிக்காரர்களும் போனார்கள். ஆனால் எங்கள் ஊரில் யாரும் நூலைப் பற்றிப் பேசவில்லை. மாமனார் வாய் துரத்திவிட்டது என்றார்கள். பெயரை எடுத்த கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதை நான்தான் பேசிக்கொண்டேன், எனக்குள்.

பஸ் ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தகரவாயாரும் வந்திருந்தார். குழாய் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "மாப்பிள்ளை, ஒடம்பைப் பாத்துக்குங்க" என்றார். "ஆகட்டுங்க மாமா" என்றான் அவன். பஸ் கிளம்பிப் புழுதி அடங்கிய பிறகு தங்கம் திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசவில்லை.

பேசவில்லை என்றால் ஒரு வார்த்தைகூட இல்லை. சமைத்துப் போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், தலைவலி என்றால் பற்றுப்போட்டு வைப்பாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் வாசலில் கட்டியிருக்கும் மாட்டிடம் சொல்வாள். "சோறு ஆறிப்போகுது." "டாக்கீஸ்ல இருந்து ஆள் வந்துட்டுப் போச்சு." தகரவாயாரும் மாட்டிடமே பதில் சொல்வார். "இதா வாரேன்." "ஆகட்டும்." இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் செவிட்டு மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்து நான் முதலில் சிரித்திருக்கிறேன்.

ஏரியில் ஆட்டம் நடந்தது. தகரவாயார் வண்டிமேல் நின்றார். பத்துப் பேரையும் பழையபடி கிழித்தார். இடது பக்கம் பந்து போனால் மட்டும், "அந்தப் பக்கம் ஆருமில்லீங்கோ" என்பார். சங்ககிரிக்காரன் இரண்டு ஆட்டம் பொறுத்துப் பார்த்தான். மூன்றாவது ஆட்டத்தில் வண்டிக்குப் பக்கத்தில் வந்து அழாக்குறையாகக் கேட்டான்.

"ஏனுங்க, நான் ஒருத்தன் நிக்கறன் இல்லீங்களா?"

"நிக்கறீங்க. நான் இல்லைன்னா சொன்னேன்? ஆருமில்லைன்னுதான் சொன்னேன்."

அவன் நன்றாகத்தான் ஆடினான். நாங்கள் அப்படியும் தோற்றோம்.

அர்த்தநாரியின் பட்டாளம் போயிருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த சேதி வந்தது. அவனிடமிருந்து வந்துகொண்டிருந்த கார்டு நின்றது. பல மாதம் கழித்து ஒரு காகிதம் வந்தது, இங்கிலீஷில். தகரவாயார் அதை என்னிடம் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்தார். நாலு வரிதான். நான் நாலு வரியையும் நாற்பது தடவை படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங் சாமி போட்டிருக்குது?"

"மிஸ்ஸிங்னு போட்டிருக்குதுங்க."

அவருக்குத் தெரிந்த இரண்டு மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை குழாயில் சொன்ன வார்த்தை. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"மிஸ் பண்ணிப்போட்டாருங்களா? என்னத்தைங்க மிஸ் பண்ணினாரு?"

"அவரு எதையும் பண்ணலீங்க. அவரையே காணோமாம்."

அவர் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "சத்தமாச் சொல்லாதீங்க சாமி" என்றார். நான் மெதுவாகத்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வண்டி ஏரிக்கு வரவில்லை.

பஞ்சாயத்து போர்டில் அதற்குள் ஒரு ரேடியோ வாங்கிப் பூங்காவில் வைத்திருந்தார்கள். சாயங்காலம் யுத்தச் செய்தி கேட்க ஊரே கூடும். தகரவாயார் டாக்கீஸ் விளம்பரத்தை முடித்துக்கொண்டு தினமும் அங்கே வந்துவிடுவார். முதல் வரிசையில், பெட்டிக்கு எதிரே, இன்னொரு ரேடியோவைப்போல உட்கார்ந்திருப்பார். நமது துருப்புகள் திட்டமிட்டபடி பின்வாங்கின, இத்தனை பேர் சேதம், என்று செய்தி வரும். முடிந்ததும் அவர் எழுந்துவிடுவார்.

"என்ன ரேடியோ இது? பின்வாங்கினாங்கறான், ஆரு பின்வாங்கினா? இத்தனை பேருங்கறான், அந்த இத்தனை பேருக்கும் பேரு இல்லையா? ஒரு பேராவது சொன்னானா? நானும் ரேடியோதான். பதினோரு பேரையும் பேரு சொல்லிச் சொல்லித்தான் ஆட்டம் சொன்னேன். வயத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினவனைக்கூடப் பேரு சொல்லித்தானே சொன்னேன்?"

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாளும் சிரித்தார்கள். ஒரு வாரம் போனபின், அவர் எழுந்ததும் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் கூட்டத்தில் இன்னும் சிலருடைய பிள்ளைகளும் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். ரேடியோவைத் திறந்து மூடும் போர்டு சிப்பந்தி ஒரு நாள் அவரிடம் கெஞ்சினான். "ஐயா, நான் என்னங்க பண்ணட்டும்? அங்கிருந்து வாரதுதானுங்களே இதுல வருது."

"உன்னையச் சொல்லலை சாமி. அங்க பேசறானே, அவனுக்குச் சொல்லு. பேரைச் சொல்லச் சொல்லு. அவரு பேரு அர்த்தநாரி."

மாப்பிள்ளையின் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த கோடையில் ஏரிக்கு வண்டி மறுபடி வந்தது. டீம் சந்தோஷப்பட்டது. ஆனால் வந்தது பழைய ரேடியோ இல்லை. "பந்து காளியப்பன் கையில இருக்குதுங்க. காளியப்பன் உதைச்சாச்சுங்க. பழனியப்பன் வாங்கிட்டாருங்க." அவ்வளவுதான். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. எல்லோருக்கும் 'ங்க' போட்டார். சங்ககிரிக்காரனையும் பெயர் சொல்லிச் சொன்னார். அவன் அன்று அழுதே விட்டான்.

வாயை அடைக்க மனுப்போட்ட அதே சைக்கிள் கடைக் கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. "உப்பில்லாத ரேடியோவால்ல போச்சு" என்றார்கள். கம்பவுண்டர் சாமிநாதன், "டீமுக்கு ஒரு கொறையும் இல்லை. ரேடியோதான் பத்தலை" என்று சீட்டை மாற்றி எழுதினார். கடைசியில் முத்துசாமியே போய்க் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, பசங்களைக் கொஞ்சமாச்சும் திட்டுங்க. ஆட்டமே சப்புன்னு இருக்குதுங்க."

"நானா வேண்டாங்கறேன்? வாயில வர மாட்டேங்குதுங்க" என்றார் தகரவாயார்.

பிறகு பந்துக்குள் வைக்கும் பிளாடர் கடையில் கிடைக்காமல் போய், ஆட்டமே நின்றுவிட்டது.

யுத்தம் முடிந்து சில மாதம் கழித்து, பள்ளிபாளையத்து ஆள் ஒருவர் தகரவாயார் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அர்த்தநாரியோடு ஒரே பிரிவில் இருந்தவர், அவனோடு சேர்ந்தே ஜப்பான்காரனிடம் பிடிபட்டவர். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகமாக இருந்தது, அவ்வளவு மெலிந்திருந்தார். தகரவாயார் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது அந்த மனிதர் நடையில் உட்கார்ந்திருந்தார். தங்கம் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

அவர் நீட்டி முழக்கவில்லை. காட்டுக்குள் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள், மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது, பதினோரு நாள் கிடந்தான், தான் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னார். "கடைசீல தண்ணி கேட்டாருங்க. குடுத்தேனுங்க" என்றார்.

தங்கம் உள்ளே போய், சொம்பில் மோர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

அவரை பஸ் ஏற்றிவிட நானும் தகரவாயாரும் கூட நடந்தோம். தேர்முட்டி தாண்டியதும் தகரவாயார் நின்றார்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"அவரு எதுனால பட்டாளத்துக்கு வந்தாருன்னு எப்பவாச்சும் சொன்னாருங்களா?"

"நூல் கெடைக்கலை, தறி ஓடலைன்னு சொன்னாருங்க. எங்க எல்லாருக்கும் அதானுங்களே."

இதைக் கேட்டால் அவர் மனசு ஆறும் என்றுதான் நான் நினைத்தேன். ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

"என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"உங்களைப் பத்தீங்களா..." அந்த மனிதர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "ஊட்டுக்காரம்மா பத்திச் சொல்லுவாருங்க. தறியைப் பத்தி. நீங்க டாக்கீஸ்ல இருக்கறதாச் சொன்னாருங்க."

"திட்டலீங்களா?"

"இல்லீங்களே."

"ஒரு தடவகூடவா? இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை? அந்தக் கெழட்டு நாயின்னு ஒரு வார்த்தை?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக அவர் தினம் தினம் மாப்பிள்ளையிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார், மனசுக்குள். அதற்காகவே எழுந்தார், அதற்காகவே படுத்தார். அங்கே அந்தக் காட்டில் ஒருத்தன் தன்னை நினைத்துப் பல்லைக் கடிக்கிறான் என்ற நினைப்புதான் மாப்பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் மிச்சமிருந்த சொந்தம். இப்போது அதுவும் இல்லை என்றால்?

நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பள்ளிபாளையத்துக்காரர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லும்படி நான் தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

அந்த மனிதர் கெட்டிக்காரர். ஒரு இருமல் இருமினார். "சொல்ல வேண்டாம்னு பாத்தேனுங்க. கேட்டுப்போட்டீங்க. திட்டினாருங்க" என்றார். "நல்லாவே திட்டினாருங்க. என்ற மாமனாருக்கு வாயா அது, ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிப்போட்டாரு, திரும்பிப் போனா அந்தக் கொழாயை மிதிச்சுச் சப்பட்டையாக்கறேன் பாருன்னாருங்க."

தகரவாயார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. "சொன்னாருங்களா! சொல்லாம இருப்பாரா? எனக்குத் தெரியுமே! சப்பட்டையாக்கறேன்னாருங்களா?" என்று அந்த ஆளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பஸ் கண்டக்டர் விசில் ஊதும்வரை விடவில்லை.

அதன்பிறகு ஊரில் அவர் இதைச் சொல்லாத ஆள் இல்லை. சைக்கிள் கடையில் சொன்னார், டாக்கீஸில் சொன்னார், பூங்காவில் ரேடியோச் சிப்பந்தியிடம் சொன்னார். சொல்லச் சொல்லத் திட்டு வளர்ந்தது. குழாயைச் சப்பட்டையாக்குவது முதல் வாரம். இரண்டாம் வாரம் அதைச் சுருட்டி மாமனார் வாயிலேயே திணிப்பது. மாதக் கடைசியில் மாப்பிள்ளை அவரை வண்டியோடு ஏரியில் தள்ளிவிட்டான். பாவம், அந்த அர்த்தநாரி ஜன்மத்தில் அவ்வளவு பேசியதில்லை.

எனக்கு உள்ளூரப் பயம், இது தங்கத்தின் காதுக்குப் போகுமே என்று. போய்விட்டது.

பென்ஷன் கேட்டுப் பட்டாளத்துக்கு மனு எழுதுவதற்காக அவள் ஒரு நாள் என் ஆபீஸுக்கு வந்தாள். நான் எழுதி முடித்து, அவள் கையெழுத்துப் போட்ட பிறகும் போகவில்லை.

"ஏனுங்கண்ணா, அவரு அப்பாவைத் திட்டினாருன்னு அந்தப் பள்ளிபாளையத்து அண்ணன் சொன்னாருங்களாமே. நீங்களும் கூட இருந்தீங்களாமே."

"ஆமா, இருந்தேன்."

"அவருக்குத் திட்டத் தெரியாதுங்கண்ணா. தறியில நூல் அறுந்தாக்கூட அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நான் மைக்கூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பட்டியலிலிருந்து அவள் புருஷன் பெயரை எடுத்ததும் இதே கைதான். அதையாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"இருக்கட்டுங்கண்ணா. அப்பா இப்பத்தான் ரெண்டு வாய் சோறு நல்லாத் திங்கறாரு. நீங்க ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் ஆபீஸ் படியேறும்போது தகரவாயார் அங்கே நின்றிருந்தார். வண்டி இல்லை, மாடு இல்லை. என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து, காதருகே குனிந்து, ஆபீஸுக்குள் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் சொன்னார்.

"செக்ரெட்டரி சாமி, என்ற புள்ளை என்கூடப் பேசிருச்சுங்க."

"என்னங்க சொன்னா?"

"சோத்தைப் போட்டுப்போட்டு எதுத்தாப்பல உக்காந்துச்சுங்க. 'வேற என்னங்கப்பா திட்டினாரு'ன்னு கேட்டுச்சுங்க."

என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.

எத்தனையோ பெரிய மனிதர்கள் மைக்கைப் பிடித்து முழங்கியதை அதற்குப் பிறகு நான் கேட்டுவிட்டேன். எதுவும் ஞாபகம் இல்லை. என் காதோடு காதாக அந்த மனிதர் பேசிய சின்னக் குரலை மட்டும் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்போல் இருக்கிறது.